லேடீசுக்கு வேலை இல்லை

கிராமத்துப் பெண்களுக்கான பயிற்சியில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டக் கற்ற ரெஜினா, நேர்காணல் கடிதத்தோடு எண்ணூர் கன்டெய்னர் யார்டுக்கு மூன்றாவது முறையாக வந்திருந்தாள்.

வாட்ச்மேன் கேட்டை மறித்தான்.

"லேடீசுக்கு வேலை இல்லைன்னு எத்தினி தபா சொல்றது? வூட்டுக்குப் போ!"

"கூப்ட்டு லெட்டர் போட்டுக்கிறாங்க. உள்ளே வுடு!"

ஆத்திரத்தில் அவளுக்கு அழுகை வந்தது.

சத்தம் கேட்டு வெளியே வந்த மேனேஜர் கடிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"ரெஜினா நீதானா? ரெண்டு தடவை கூப்பிட்டும் ஏம்மா வரலை? உள்ளே வா, வண்டியை ஓட்டிக் காட்டு."

வாட்ச்மேன் வழிவிட்டான்.

அவனைத் தாண்டும்போது ரெஜினா நின்றாள்.

"நான் வர லேட்டாவும். பசங்களுக்கு நீயே சோறாக்கிப் போடு" என்றாள், தனக்குத் தாலி கட்டியவனிடம்.