காப்பிக்கடையில் கேட்ட விலை

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் எட்டாம் மாடி வீட்டைப் பார்த்துவிட்டு ஆனியும் கணவன் லாசரஸும் கீழே காப்பிக்கடையில் உட்கார்ந்தார்கள்.

"ஏஜென்ட் சொல்ற விலையை நம்பவே முடியாது. அவருக்குக் கமிஷன்தான் முக்கியம்," என்றாள் ஆனி.

பக்கத்து மேசையில் ஒருவர் தனியாக நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார். அவரிடமே கேட்டாள்.

"அங்கிள், நீங்க இந்த பிளாக்கா? எட்டாம் மாடியில ஒரு வீடு விலைக்கு வந்திருக்கு. எவ்வளவுக்குக் கேட்கலாம்?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "ஆறு லட்சத்துக்குக் கேளுங்க, போதும். கிச்சன்ல தண்ணி ஒழுகும் லா."

எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது லாசரஸ் முணுமுணுத்தான். "நாம கேட்காமலே குறை சொல்றாரு, பாத்தியா? நம்மள விரட்டிட்டு அவரே வாங்கப் பாக்குறாரு."

பயத்தில் அன்றைக்கே ஏஜென்டிடம் ஆறு லட்சத்துக்கு மேல் முப்பதாயிரம் கூட்டிச் சொன்னார்கள். விற்பவர் உடனே சம்மதித்துவிட்டதாகப் பதில் வந்தது.

கையெழுத்துப் போடும் நாளில், வீட்டுக்காரர் என்று எதிரே வந்து உட்கார்ந்தவர் அதே தே தாரிக் மனிதர்.

"வீடு பார்க்க ஆள் வந்தா, ஏஜென்ட் என்னைக் கீழே அனுப்பிடுவாரு," என்று சிரித்தார். "ஆறு லட்சமே போதும்னு நான் அன்னைக்கே சொன்னேனேம்மா!"