பாலத்தின் மேல் விருந்து

ஒற்றை வண்டி மட்டுமே போகக்கூடிய பாலத்தின் குறுக்கே சியாலா விருந்து மேசையைப் போட்டிருக்கிறாள். இந்தப் பக்கம் துளையிடும் இயந்திரத்தைச் சுமந்த லாரி உறுமுகிறது. அந்தப் பக்கம் அவளுடைய மேய்ச்சல் மலை. அங்கே குளம் வெட்டி, ஆற்றுநீரை மேலேற்றிச் சேமித்து, வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுப்பார்களாம். அதற்காக மலையைத் துளையிட்டுப் பார்க்கும் அனுமதி இன்று மாலை ஆறு மணியோடு முடிகிறது. விருந்தாளியை வெறும் வயிற்றோடு அனுப்புவது ஸ்வானெத்தி மலைநாட்டில் பாவம் என்பதால், தலைநகர் திபிலிசியிலிருந்து வந்த பொறியாளர் வாக்தாங் நடுநாற்காலியில் இருக்கிறான். முன்னால் ஆவி பறக்கும் இறைச்சி ரொட்டி. கையில் குவளைக்குப் பதிலாகச் சாராயம் ஊற்றிய மாட்டுக்கொம்பு. காலியாகாமல் அதைக் கீழே வைக்க முடியாது. கடவுள், தேவதூதர்கள், முன்னோர் என்று வரிசையாக வாழ்த்தி ஒவ்வொன்றுக்கும் குடிக்கவைத்த கிழவர் ஜான்சுக், இப்போது செத்துப்போன மாடுகளுக்கு வந்திருக்கிறார், பெயர் பெயராக.

"அக்கா, நான் கிளம்பணும். இது தண்ணியில செஞ்ச பேட்டரி மாதிரி. நாட்டுக்கே நல்லது."

"நல்லதுதான் தம்பி. பாதியில எழுந்தா செத்தவங்களுக்கு மரியாதை இல்ல. உக்காரு."

"மாட்டுக்குமா?"

"உன்னைவிட இந்த ஊருக்கு அது அதிகமா செஞ்சிருக்கு."

ஊரின் பழைய கல் கோபுர வீட்டின் உச்சியிலிருந்து வெயில் நழுவுகிறது. லாரி ஓட்டுநர் வண்டியை அணைத்துவிட்டு ரொட்டிக்குக் கை நீட்டுகிறான். வாக்தாங் கடிகாரத்தைப் பார்க்கிறான். ஆறு மணி ஐந்து நிமிடம். சியாலா நிதானமாக, விளிம்பு வரை கொம்பை நிரப்புகிறாள்.

"இது யாருக்கு?"

"விருந்தாளிக்கு. இதான் கடைசி வாழ்த்து. குடிச்சிட்டு, வந்த வழியே பத்திரமாப் போ, தம்பி."