சின்ன லைட்டுதானே

"யாரும்மா இந்த வேலையச் செஞ்சது?" சமையலறை அலமாரிக்கு அடியில் தலையை நுழைத்தபடியே எலக்ட்ரீஷியன் கேட்டார்.

அந்த வீட்டுப் பெண் டார்ச்சை இன்னும் கொஞ்சம் அருகில் பிடித்தாள்.

"ஸ்ட்ரிப் லைட்டுக்குக் கரண்ட் குறைச்சுத் தர்ற டிரான்ஸ்ஃபார்மர் பெட்டிய உள்ள வச்சுப் பலகை அடிச்சு மூடியிருக்காங்க. சூடு எங்கம்மா போகும்? வயர பைப்புகூட இல்லாம சுவத்துல புதைச்சிருக்காங்க. சின்ன லைட்டுதானேன்னு அலட்சியம்."

"நான்தான் போட்டேன்," என்றாள், தரையைப் பார்த்து. "நம்ம வீடுதானேன்னு..."

"இதே தப்புக்குத்தான் மின்சாரச் சோதனை அதிகாரி, வேற கட்டடத்துல நான் செஞ்ச வேலைய ரெண்டு தடவ சரியில்லன்னு திருப்பி அனுப்பினார். நான் இல்லாதப்ப வந்து பாத்துட்டு, கையெழுத்துப் போட்ட பேப்பர மட்டும் அனுப்பிட்டார். அன்னிக்கு வாய்க்கு வந்தபடி திட்டினேன். இந்தக் கருகின பலகையப் பாத்தா அவர் செஞ்சது சரின்னு தோணுது."

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

எல்லாவற்றையும் பிரித்து மாட்டி முடித்ததும் அவர் சீட்டை நீட்டினார். "வேலை முடிஞ்சதுன்னு ஒரு கையெழுத்து போடுங்கம்மா."

அவள் தயங்கித் தயங்கிப் போட்டாள்.

மடிக்கப் போன அவர் கை அப்படியே நின்றது. திரும்பி வந்த இரண்டு பேப்பரிலும் இருந்தது, வால் நீண்ட இதே கையெழுத்துதான்.

"வியாழக்கிழமை அந்தக் கட்டடத்துல என் வேலைய மறுபடி சோதிக்க வர்றப்ப எதையும் விடாம பாருங்க மேடம்," என்றார் மெல்ல. "நம்ம வேலைதானேன்னு நானும் எங்கயாவது விட்டிருப்பேன்."