கடைசி பெஞ்சிலிருந்து

ஆறு வருடங்களாகத் திருவிருந்து நாளில் பஸ் டிரைவர் தேவஇரக்கம் சர்ச்சின் கடைசி பெஞ்சை விட்டு எழுந்ததில்லை. பீடத்தில் தரும் திருவிருந்து அப்பத்துக்காகக் கை நீட்ட அவருக்குக் கூசியது. அவர் பஸ்ஸில் அடிபட்டுச் செத்தது தவமணியின் மகள். பிள்ளைதான் குறுக்கே ஓடிவந்தாள் என்று அவர் சொன்னதை நம்பி, கோர்ட்டில் விடுதலை செய்துவிட்டார்கள்.

பெண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சில் தவமணியும் எழாமல் இருப்பாள். அன்று மற்றவர்கள் எல்லோரும் பீடத்துக்குப் போனபின் அவர் அவளிடம் சென்றார்.

“தவமணி, புள்ள குறுக்க வரல. நாந்தான் போனப் பாத்துக்கிட்டே ஓட்டினேன்.”



“தெரியும். பஸ்ல இருந்தவங்க அன்னைக்கே சொல்லிட்டாங்க, கோர்ட்டுக்கு வந்து சொல்லத்தான் யாருமில்ல. ஒங்க வாயால வரட்டும்னு இருந்தேன். ஒங்கள வெறுத்துக்கிட்டு நான் எப்படி அப்பம் வாங்க? அதான் போகல.”

“இன்னும் யாராவது வரணுமா?” என்று பீடத்தருகே நின்று போதகர் ஐயர் கேட்டார்.

தவமணி முக்காட்டை இழுத்துவிட்டு எழுந்தாள்.

“மன்னிச்சிட்டேன்னு இப்பவும் சொல்ல வரல. ஆனா தனியாப் போகத் தெம்பில்ல. வாங்க.”

அவள் முன்னால் நடந்தாள். தேவஇரக்கம் பெஞ்சைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். பாதி வழியில் அவள் நின்று, திரும்பிப் பார்க்காமல், அவருக்காகக் காத்திருந்தாள்.