லீவு வண்டி

மெத்தென்று ஒரு சத்தம். பள்ளத்தில் கார் இறங்கினால் அப்படிக் கேட்காது.

கீழவாஞ்சூர் துறைமுக ரோட்டில் நிலக்கரி லாரிகள் வெட்டிவைத்த பள்ளம் ஒவ்வொன்றிலும் 'டம்'மென்று அடிவாங்கிக்கொண்டுதான் வந்தோம். இது வேறு. நெல் மூட்டை சரிந்த மாதிரி. மடியில் குழந்தை விழித்துக்கொண்டது.

"மச்சான், நிறுத்துங்க."

"பள்ளம்தான் ஷஃபீனா."

"யாரோ கத்துனாங்க."

என் கணவர் ஜவஹர் அலி வேகத்தைக் கூட்டினார். பின்னால் வந்த லாரியின் வெளிச்சத்தில், ரோட்டோரம் ஒரு சைக்கிள் கவிழ்ந்து கிடந்தது தெரிந்தது. பக்கத்தில் ஒரு ஆள்.

வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு லீவில் வரும் சபுராளிகளுக்கு எங்கள் ஊரில் வாடகைக் கார் இல்லாமல் ஆகாது. சவூதியிலிருந்து வந்து இறங்கிய அன்றே அவர் தலத்தெரு உத்திராபதியிடம் இந்தக் காரை எடுத்துவிட்டார். டாக்சி போர்டு கிடையாது. யார் கேட்டாலும், "அண்ணன் வண்டி" என்று சொல்ல வேண்டும். அதுதான் ஏற்பாடு.

உத்திராபதி ஒரு நாளைக்கு நாலு தடவை போன் பண்ணுவார்.

"தம்பி, துறைமுக ரோட்டுப் பக்கம் போவாதீங்க. அடி தட்டும். ராத்திரியில ஆளும் தெரியாது, பள்ளமும் தெரியாது."

போனை வைத்ததும் இவர் சிரிப்பார். "பொண்ணக் கட்டிக் குடுத்தவன் மாதிரில்ல பொலம்புறான்."

நானும் சிரிப்பேன்.

அன்று மாலை குழந்தையை டாக்டரிடம் காட்ட நாகூர் போகும்போது வாஞ்சூர் செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தார். "உத்திராபதின்னு போட்டிருக்கு. ஒங்க அண்ணனா?"

"கூடப் பொறக்காத அண்ணன் சார்" என்றேன். அவரும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

திரும்பி வரும்போதுதான் அந்தச் சத்தம்.

நேராகத் தலத்தெருவுக்கு விட்டோம். உத்திராபதி டார்ச் அடித்துப் பார்த்தார். முன்பக்கம் நசுங்கி, ஒரு விளக்கு உடைந்திருந்தது. வண்டி போச்சே என்று கத்தப்போகிறார் என்று குழந்தையை இறுக்கிக்கொண்டேன்.

"ஆளுக்கு என்ன ஆச்சு?" என்றார்.

இவர் சாவியை நீட்டினார்.

"எறங்கிப் பாக்கலியா?"

"வெள்ளிக்கிழமை ஃப்ளைட்டுண்ணே" என்றார் இவர். "கேஸுன்னு ஆனா பாஸ்போர்ட்டப் புடிச்சு வச்சிக்குவான். வேலையே போயிடும்."

உத்திராபதி வண்டியிலிருந்த எங்கள் சாமான்களைத் தன் வீட்டில் இறக்கி வைத்தார். எங்களை ஒரு ஆட்டோவில் ஏற்றிவிட்டு, நசுங்கின காரை எடுத்துக்கொண்டு அவர் கீழவாஞ்சூருக்குப் போனார்.

ராத்திரி இஷா தொழுகை முடிந்து வெகுநேரம் கழித்து உத்திராபதியின் போன் வந்தது. இவர் அதை என்னிடம் நீட்டினார். "கான்வென்ட்ல படிச்சவ. நீ பக்குவமாப் பேசு."

"ஆஸ்பத்திரியில சேத்துட்டேன் தங்கச்சி. உசுரு இருக்கு. ஒடஞ்ச வண்டியோட போயி எறங்குனேனா, ஸ்டேஷன்ல நாந்தான் ஓட்டுனேன்னு எழுதிக்கிட்டாங்க. தம்பி காலைல வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்."

"கண்டிப்பா வருவாங்கண்ணே" என்றேன்.

காலையில் இவர் போகவில்லை. போனை அணைத்து வைத்தார். போங்க என்று நானும் சொல்லவில்லை. பெட்டியில் இறால் பொடியும் ஊறுகாயும் கட்டி வைத்தேன். வெள்ளிக்கிழமை திருச்சியில் விமானம் ஏறிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள்காரர் இறந்துபோனார். உத்திராபதியைச் சிறையில் அடைத்துவிட்டார்கள். அடுத்த வீட்டு மஹ்பூபா மாமி வந்து சொன்னாள்.

"ரோட்டப் பாத்து ஓட்டத் தெரியாதவனெல்லாம் வாடகைக்கு வண்டி விடுறான். புள்ளகுட்டிக்காரனாம் செத்தவன். இவனெல்லாம் நல்லா இருப்பானா?"

"ஆமா மாமி" என்றேன்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. தெருவில் பைக் நின்றால்கூட போலீஸ் என்று ஜன்னலுக்கு ஓடுகிறேன்.

இன்று விளக்கு வைத்த நேரத்தில் கேட் திறந்தது. ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். உத்திராபதியின் மனைவி நீலாயதாட்சி. கையில் ஒரு துணிப்பை.

விளக்கை அணைத்தேன். குழந்தையின் முகத்தைத் தோளில் அழுத்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"ஷஃபீனா."

தாழ்ப்பாளைத் தடவிப் பார்த்தேன்.

"உள்ளதான் இருக்கேன்னு தெரியும். தொறக்க வேணாம். ஒன்கிட்ட எதுவும் கேக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்புனாரு."

கதவுக்கும் அவள் குரலுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

"பிள்ளையோட பால் புட்டியும், நாகூர் டாக்டரு எழுதுன மருந்துச் சீட்டும் எங்க வீட்டுலயே கெடந்துச்சு. சீட்டுல பிள்ளை பேரும் இருக்கு, அன்னிக்குத் தேதியும் இருக்கு. அன்னிக்கு வண்டி ஒங்ககிட்ட இருந்துச்சுங்கறதுக்கு இதான சாட்சி, வக்கீல்கிட்டக் குடுக்குறேன்னு ஜெயிலுக்கே போயி அவருகிட்ட அழுதேன். அவரு கேக்கல. கைக்குழந்தைக்காரிய ஸ்டேஷன் படியேற வைக்காதேன்னுட்டாரு."

பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"வாசல்ல வச்சிருக்கேன். பாத்துச் செய்யி."

செருப்புச் சத்தம் தெருமுனை வரை போய்த் தேய்ந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தேன்.

பையை உள்ளே இழுத்துக்கொண்டு, மேல் தாழ்ப்பாளையும் கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டேன்.