கடைசி எழுத்து

மலைமேல் இருந்த சர்வர் காலையிலிருந்து வாய் திறக்கவில்லை. நெட்வொர்க் செத்துப்போனாலும் உள்ளே நுழைவதற்கென்றே தனியாக ஒரு கன்சோல் இணைப்பு உண்டு. ரெஜினா அதன் வழியாகப் போனாள். கடவுச்சொல் கேட்கும் என்று எதிர்பார்த்தவளை அது ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டது. முன்பு வந்தவர் வெளியேறாமல் போயிருந்தால் கன்சோல் அப்படித்தான். அடுத்து வருகிறவரையும் அவர் என்றே நினைத்துக்கொள்ளும். திரையில் கூட வேலை பார்த்த குமரகுருவின் பெயர் இருந்தது. பக்கத்தில் இயந்திரத்தை அணைத்து மறுபடி எழுப்பும் ரீபூட் என்ற கட்டளை, கடைசி எழுத்து மட்டும் இல்லாமல். போன மாதம் இதே சர்வர் மக்கர் செய்தபோது, அதைத் தட்டிக்கொண்டிருந்த குமரகுரு பாதியில் எழுந்தார். "நெஞ்சு எரியுது, ஒரு சோடா குடிச்சிட்டு வந்துடறேன். யாரும் தொடாதீங்க." சர்வர் அப்புறம் தானாகவே சரியாகிவிட்டது. அவர்தான் திரும்பவில்லை, சோடாக் கடை பெஞ்சிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. இந்த இயந்திரத்துக்கு மட்டும் அதை யாரும் சொல்லவில்லை. "ரீபூட் பண்ணிடலாமே, எதுக்கு யோசிக்கிறீங்க?" என்றார் பின்னால் நின்ற மேலாளர். பண்ணினால் குமரகுரு வெளியேறிவிடுவார். ரெஜினா இருந்ததை அழிக்கவில்லை. விட்டுப்போன எழுத்தை மட்டும் சேர்த்து, எண்டரைத் தட்டினாள். திரை முழுக்க வரிகள் ஓடி நின்றன. "வந்துடுச்சு. நல்ல வேலை பண்ணீங்க." "நான் ஒரு எழுத்துதான் சார் போட்டேன்." துடைத்துவிட்டாற்போல் கிடந்த திரை இப்போது உள்ளே வருகிறவரின் பெயரைக் கேட்டது. அவள் கைகளை மடியிலிருந்து எடுக்கவில்லை.