அழைப்பு மணி

முதியோர் இல்லத்தில் கேட்க நாதியில்லாமல் கிடந்து முதுகெல்லாம் புண்ணான தேவசகாயம் போட்ட வழக்கு அது. இல்லத்து வக்கீல், அவர் கட்டிலில் இருந்த மணிப் பொத்தானை ஒயரோடு கழற்றிக் கொண்டுவந்திருந்தார்.

“கட்டிலுக்குக் கட்டில் மணி வச்சிருக்காங்க. அமுக்கியிருக்க வேண்டியதுதானே?” என்று சக்கர நாற்காலியில் இருந்த தேவசகாயத்தின் கையில் அதைத் திணித்தார்.

சிவப்பெல்லாம் தேய்ந்து வெளுத்திருந்த பொத்தானைப் பழகிய கட்டைவிரல் தானாகவே அமுக்கியது. அமுக்கிவிட்டு, எப்போதும்போல் வாசலைப் பார்த்தார் தேவசகாயம்.

யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு முன்னால் குனிந்தார் அந்த அம்மாள்.

“சொல்லுங்கய்யா, என்ன வேணும்?”

வாசலிலிருந்து மெல்லத் திரும்பினார் தேவசகாயம்.

“ஒண்ணொண்ணாச் சொல்லட்டுங்களாம்மா?”